கால் எட்டாத வண்டி

பேத்திக்கு ஹிமாலயன் 450 வேண்டுமாம். அவள் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். சீட் உயரமோ 825 மில்லிமீட்டர். "கால் எட்டாது, ஸ்கூட்டர் வாங்கிக்கொள்" என்கிறான் என் மகன். நான் பேத்தி பக்கம்.

ஐந்தடி இரண்டு அங்குலத்தில் இருபது வருடம் பழைய புல்லட் ஓட்டியவன் நான். இரண்டு பாதமும் ஒருநாளும் முழுசாகத் தரையில் பதிந்ததில்லை. நிற்பதற்கு ஒரு கால் போதும். இடுப்பை அந்தப் பக்கம் சற்று நகர்த்திக்கொள்ள வேண்டும். அந்த வண்டியில் பிரேக் இடது காலில், ஆகவே வலது காலை ஊன்றுவேன். நம் சாலைகள் நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. வலப்பக்கம் தரை உயர்ந்திருப்பது எனக்குத் தோதாக இருந்தது. இப்போது பிரேக் வலது காலில். இடது கால்தான் பள்ளத்தைத் தேட வேண்டும். சிக்னலில் ஓரம் ஒதுங்கி நிற்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

சஸ்பென்ஷனை இறக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. வேகத்தடையில் அடி தட்டும். சீட் ஸ்பாஞ்சைக் கொஞ்சம் செதுக்கினால் போதும்.

"196 கிலோ, சாய்ந்தால் யார் தூக்குவது?" என்கிறான். நியாயமான கேள்விதான். பெட்ரோல் பங்கில் நானும் ஒருமுறை சாய்த்திருக்கிறேன். அன்று டேங்க் மேல் உட்கார்ந்திருந்தவன் இவன்தான், நாலு வயது. முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது.