நுண்மைக்குச் சொற்பஞ்சமா?

பத்து வரிக்குள் அடங்கும் கதைக்கு ‘மைக்ரோ’ என்றும் அதனினும் குறுகியதற்கு ‘நானோ’ என்றும் பெயர் சூட்டிப் போட்டி அறிவித்திருக்கும் ஓர் இதழ், சிறுமையின் படிகளைப் பிரித்துச் சொல்லத் தமிழில் சொல் இல்லை, ஆங்கிலத்திலோ அவை கணித சுத்தமாக அமைந்திருக்கின்றன என்று காரணமும் கூறியிருக்கிறது. பெயர் வைப்பது அவரவர் இஷ்டம். காரணத்தை நம்மால் ஏற்க இயலவில்லை.

முதலாவது, அவை ஆங்கிலச் சொற்களே அல்ல. ‘மைக்ரோ’ சிறியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல். ‘நானோ’ அதே மொழியில் குள்ளனைக் குறிப்பது. 1964இல் விஞ்ஞானிகளுக்கு இன்னும் கீழே இரண்டு படிகள் வேண்டியிருந்தபோது, டேனிய மொழியின் பதினைந்து, பதினெட்டு என்னும் எண்ணுப்பெயர்களிலிருந்து ‘ஃபெம்டோ’, ‘அட்டோ’ என்று ஆக்கிக்கொண்டார்கள். தேவை நேர்ந்தது, கிடைத்த மொழியில் எடுத்தார்கள். ஆங்கிலத்துக்கே உரிய சூக்ஷ்மம் அதில் ஏதுமில்லை.

இரண்டாவது, தமிழில் சொல் இல்லை என்பதும் சரியன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் மனனம் செய்த கீழ்வாயிலக்கம் என்னும் பின்னக் கணக்கை இன்று யார் நினைக்கிறார்கள்? 20இல் ஒரு பங்கு மா. 80இல் ஒன்று காணி. 320இல் ஒன்று முந்திரி. அம்முந்திரியிலும் ஒரு முந்திரி எடுத்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே இம்மி, அணு என்று அது இறங்கிக்கொண்டே போகும். நீட்டலளவையில் கணக்கதிகாரம் என்னும் பழைய கணித நூல் அணுவில் தொடங்கி, கதிரெழு துகள், மயிர்முனை, நுண்மணல், கடுகு, எள், நெல் முதலிய படிகளில் எட்டெட்டாக விரல்வரை ஏறுகிறது. சீவனின் வடிவைச் சொல்லவந்த திருமூலரோ பசுவின் மயிரொன்றை லட்சம் கூறாக்கினார். இவற்றைக் காட்டி நம் முன்னோர் நவீன பௌதிகத்தை அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. நுண்ணியதை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை; எனினும் அதை மனத்தால் பகுத்துக்கொண்டே போகும் பொறுமை இருந்தது என்பதே நம் கட்சி.

அளவையைக் காட்டிலும் நாம் போற்றுவது வேறொன்று. 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் பணியாற்றிய மொழியறிஞர் தேவநேயப் பாவாணர், மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, வாழைக்குக் கச்சல் என்று எடுத்துக் காட்டினாரே, அங்கே சிறுமை அளக்கப்படவில்லை; இன்னதன் சிறுமை என்று அடையாளம் காணப்படுகிறது. நாமிருந்து எழுதும், ஏற்காட்டு மலையிலுள்ள இந்தச் செம்மநத்தத்திலும், தானியம் குத்திப் புடைக்கும் பெண்ணுக்குக் குருணை வேறு, நொய் வேறு, தவிடு வேறு. இதே ஏற்காட்டில், ஆர்க்கிட் செடிகளைப் பேணும் தேசிய ஆர்க்கிடேரியம் இருக்கிறது; அங்கும் ஒரு சிறுமையைக் காணலாம். ஆர்க்கிட் செடியின் விதை தூசிக்கு நிகர். ஒரே காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் இருக்கும். முளைப்பதற்கு வேண்டிய உணவைத் தன்னுள் சேமித்து வைக்காததால், மண்ணிலோ மரப்பட்டையிலோ ஒரு பூஞ்சை வந்து ஊட்டினாலன்றி இயற்கையில் அது பிழைப்பதில்லை. அதை ‘மைக்ரோ விதை’ என்று எழுதுகிறவர் அதன் பரிமாணத்தைச் சொல்லியிருக்கலாம். அதன் நிராதரவான நிலையைச் சொல்லவில்லை. எழுத்தாளனின் காரியம் பின்னதே.

இலக்கியத்தில் அளவுகோலை முன்னே நீட்டும் வழக்கம் இந்தப் போட்டியோடு பிறந்ததன்று. பக்கத்தை எண்ணிக் காவியம் என்பதும், வரியை எண்ணி நவீனம் என்பதும் ஒரே வியாதியின் இரு கூறுகள். உருவம் உள்ளடக்கத்திலிருந்து விளையவேண்டும் என்று ஒரு தலைமுறை இரவெல்லாம் வாதாடிய தேசத்தில், உருவத்தை முன்கூட்டியே வெட்டி வைத்துவிட்டு உள்ளடக்கத்துக்கு ஆள் தேடுகிறோம். சொல்லை நிறுத்துப் பார்த்து எழுதப்பட்ட கதை, தானாகவே குறுகவேண்டிய இடத்தில் குறுகும். வாசகனுக்கு அதைப் படிக்க அளவுச்சீட்டு எதுவும் வேண்டியதில்லை.

நமக்குக் கதை அனுப்பும் நண்பர்களை வேண்டிக்கொள்கிறோம்: கதை எத்தனை வரியாயினும் ஆகுக, அளவைக் குறிக்கும் அடைமொழி எதையும், எந்த மொழியிலும், தலைப்பின்மேல் எழுதி அனுப்பவேண்டாம்.