கூட்டுதலும் கூடியிருத்தலும்

நாட்டையே அசைக்கும் பெருங்கூட்டத்தைத் திரட்டுதற்குத் தலைவரும் வேண்டா, மேடையும் வேண்டா, கைப்பேசி ஒன்றே போதும் என்பார் பலர். 2022ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் காட்டி இதனை நம்மிடம் சாதித்த பழைய மாணவர் சிலர் உளர். அவர் கூற்றிற் பாதியை நாம் ஒப்புகின்றோம்.

எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்றோர், எங்கே இருப்புண்டு என அறிதற்பொருட்டு வட்ஸ்அப் குழுக்களை நாடினர். சினமும் அவ்வழியே பரவிற்று. மார்ச்சு 31ஆம் நாளிரவு மிரிகானையிற் சனாதிபதியின் இல்லத்தெதிரே மக்கள் திரண்டனர். ஏப்பிரல் 3இல், ஊரடங்கு நிலவுகையில், முகநூல் முதலியவற்றையும் அரசு முடக்கிற்று. அன்று பிற்பகலே அம்முடக்கத்தை நீக்க நேர்ந்தது. வாயை அடைத்தாற் கால் நடக்கும் என்பதை ஆட்சியாளர் அறிந்திலர் போலும்! 9ஆம் நாள் காலிமுகத்திடல் நிறைந்தது. கூடாரங்களாலான ஒரு கிராமமே அங்கெழுந்தது, நூலகமும் அதிலிருந்தது. யூலையிற் சனாதிபதி நாட்டைவிட்டேகி, சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார்.

அதன்பின் நிகழ்ந்ததென்ன? யூலை 20இல் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவுசெய்தது. அவரும் விலகவேண்டுமென்பதே திடலிலிருந்தோர் கோரிக்கை. இரண்டு நாளில், பொழுது புலருமுன், படையினர் கூடாரங்களைப் பிரித்தெறிந்தனர். பல்லாயிரவரை ஒரு பகலிற் கூட்டிய வலைக்கு, அவர்கள் சார்பில் ஒருவரைப் பேச அனுப்பும் வழி இருந்திலது.

இங்கே யாழ்ப்பாண மாணவர் காங்கிரசை நினைக்கின்றோம். 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் அதனைத் தொடங்கினர். பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர் அவரே. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது அச்சங்கம். மாநாடு கூட்டித் தீர்மானங்களை வாதித்து நிறைவேற்றிற்று. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்குமாறு அது வேண்டியபோது, வடக்கின் நான்கு தொகுதிகளில் எவரும் நியமனப்பத்திரம் கொடுத்திலர். அம்முடிவு நன்றோ தீதோ என்பது வேறு வழக்கு. தீதென்போர் இன்றும் உளர். ஆயின், முடிவுசெய்தவர் யார், எக்காரணத்தால் என்பதை ஊர் அறிந்திருந்தது. பிழையென்று தோன்றியவிடத்துக் கேட்பதற்கும் ஆளிருந்தார்.

வலையில் அஃதில்லை. 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தில் முசுலிம் மக்களுக்கெதிரான வன்செயலை மூட்டிய பொய்களும் இவ்வழியே ஓடின. முகநூல் நிறுவனம் வருத்தந் தெரிவித்தது 2020இலேதான்.

ஆயினும் அதனை இகழ நமக்கு மனம் வரவில்லை. 2022 மே 18இல் அதே காலிமுகத்திடலில், முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைந்து கஞ்சி வழங்கினர். சிங்கள மக்களும் உடனிருந்தனர். அப்படத்தைக் கைப்பேசியிற் கண்டு நாம் நெடுநேரம் வாளாவிருந்தோம்.

அண்மையில் நம் வகுப்பிற் பரவிய செய்தியொன்றை எழுதியவர் யாரென வினவினோம். மாணவர் பலரும் அதனைப் பிறர்க்கு அனுப்பியிருந்தனர். எழுதியவரை ஒருவரும் அறிந்திலர். கல்லூரியின் விவாத மண்டபமோ வெள்ளிக்கிழமைகளிற் பூட்டிக்கிடக்கின்றது. திறவுகோலை அதிபரிடம் கேட்டிருக்கின்றோம்.