காட்டைப் பற்றிய கண்காட்சியில் நம் கதை எங்கே?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உறவுகளுக்கு,

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள். இல்லாதவர்கள் கடைசிப் பந்திகளையாவது பாருங்கள், அங்கே உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம்.

2024 ஜனவரி 19 முதல் 28 வரை நம் கொழும்பில் கொலம்போஸ்கோப் கலை விழா நடந்தது. 2013இல் தொடங்கிய விழா, இது எட்டாவது. இம்முறை கருப்பொருள் 'காட்டின் வழி'. கலை இயக்குநர் நதாஷா ஜின்வாலா. நேபாளத்தின் ஹிட்மன் குருங்கும் ஷீலாஷா ராஜ்பண்டாரியும் டாக்காவின் சார்கர் புரோதிக்கும் சேர்ந்து தொகுத்திருந்தார்கள். புரோதிக், பத்மா நதி கரைகளை விழுங்குவதைப் பல வருடங்களாகப் படமெடுத்தவர். காடும் காட்டோடு வாழும் மக்களும் அவர்களுடைய பழங்கதைகளும்தான் இந்த முறை பேச்சு.

எங்கள் வட்டத்தில் யார் யார் போனீர்கள் என்று கேட்டுப் பார்த்தோம். ஒரு கை விரல்களே மிச்சம். உயர்தரப் பரீட்சை நடந்த மாதம், வீட்டுச் செலவு தலைக்கு மேல், எல்லாம் உண்மைதான். ஆனால் அதிகம் கேட்ட பதில் வேறு: "அது கொழும்பு ஏழு ஆக்கள்ட வேலை, நமக்கென்ன?"

நமக்கு என்ன என்பதைத்தான் இங்கே எழுத வந்தோம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். விழா நடந்த இடங்களில் ஒன்று ஹோர்ட்டன் பிளேசில் உள்ள ஜே.டி.ஏ. பெரேரா கலைக்கூடம். அந்தப் பகுதிக்கு நாம் இன்றும் கறுவாத்தோட்டம் என்றுதான் சொல்கிறோம். பல நூறு வருடங்களாகக் கறுவா காட்டில் தானாக வளர்ந்த மரம். உரிப்பவர்கள் காட்டுக்குள் போய் உரித்து வந்தார்கள், நம் முன்னோர் அதைக் கப்பலேற்றி விற்றார்கள். 18ஆம் நூற்றாண்டில்தான் ஒல்லாந்தர் அதைக் கொழும்பில் வரிசையாக நட்டுத் தோட்டமாக்கினார்கள். இப்போது அங்கே கறுவாவும் இல்லை, தோட்டமும் இல்லை, பெயர் மட்டும் பஸ் கொண்டக்டரின் வாயில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையை எடுங்கள். பெயருக்குள்ளேயே சேனை இருக்கிறது. சிங்களத்தில் ஹேன. காட்டை வெட்டி, எரித்து, மழைக்குக் காத்திருந்து விதைக்கும் நிலம். இன்று ஒரு மாமரத்துக்கு இடம் தேட வேண்டிய ஒழுங்கைகளில் இருந்துகொண்டு, காடு நமக்கு அந்நியம் என்கிறோம்.

போன தவணையில் தரம் 8 பிள்ளைகளுக்குக் 'காடு' என்று ஒரு கட்டுரை கொடுத்தோம். முப்பத்தெட்டுக் கொப்பிகள். முப்பத்தெட்டிலும் ஒரே கட்டுரை. காடுகள் மழையைத் தருகின்றன, காடுகள் மண்ணரிப்பைத் தடுக்கின்றன, எனவே காடுகளைப் பாதுகாப்போம். டியூஷன் துண்டில் இருந்து வந்தது. ஒரு கொப்பியில்கூட ஒரு கரடி இல்லை, ஒரு ஜின் இல்லை, உம்மும்மா சொன்ன ஒரு புளியமரம் இல்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனின் குடும்பம் மன்னார் முசலிப் பக்கத்தில் இருந்து வந்தது. அவனிடம் இடைவேளையில் கேட்டோம், உங்கட ஊர்ப் பக்கம் காடுதானே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று. அவன் சொன்னான்: "அது காடு இல்ல சேர். வாப்பாட வாப்பாட ஊர்."

அந்தப் பதில் இரண்டு நாள் எங்களை விடவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் வெளியேற்றிய சுமார் 75,000 முஸ்லிம்களில் அந்த ஊர்க்காரர்களும் அடங்குவர். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி. பெயர்களை இன்னொரு முறை வாசியுங்கள். கரடி இருக்கிறது, பாலை மரம் இருக்கிறது. காட்டோடு பேசிப் பழகியவர்கள் வைத்த பெயர்கள் அவை. இருபது வருடம் புத்தளம் முகாம்களில் கிடந்து, யுத்தம் முடிந்து திரும்பிப் போனபோது வளவுகளிலும் வயல்களிலும் மரம் வளர்ந்திருந்தது. 2012இல் அந்தப் பக்கம் வன ஒதுக்கிடமாக வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச்சில் மாவில்லுப் பாதுகாப்பு வனம். இதற்கிடையே தொலைக்காட்சியிலும் முகநூலிலும் நம் எல்லோருக்கும் ஒரே பெயர் கிடைத்தது: வில்பத்துவை அழித்தவர்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு வனப் பகுதியில் நடந்த துப்புரவு சட்டவிரோதம் என்றும், முன்னாள் அமைச்சர் தன் செலவில் மீண்டும் மரம் நட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. காடு வெட்டப்பட்டதை யார் வெட்டினாலும் நியாயப்படுத்த நாங்கள் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பாடம் நடத்துகிற எங்களுக்கு அது முடியாது. ஆனால் ஒரு காட்டுக்குள் ஒரு கிணறு இருந்தது, ஒரு பள்ளி இருந்தது, மையவாடி இருந்தது, அங்கே அடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கொழும்பில் படிக்கிறார்கள் என்பதும் அந்தக் காட்டின் கதைதானே? அதை வழக்குக் கோப்பில் எழுத இடமில்லை. செய்தியில் ஒன்றரை நிமிடத்தில் சொல்ல முடியாது. ஒரு படத்தில், ஒரு துணியில் தைத்த வரைபடத்தில், ஒரு கிழவரின் குரலில் சொல்லலாம். கண்காட்சி என்பது அதற்கான இடம். அங்கே நாம் பார்வையாளராகக்கூடப் போகவில்லை என்றால், நம் கதையை அங்கே யார் கொண்டுபோய் வைப்பார்?

இனி, சிலர் கேட்கப் போகும் கேள்விக்கு வருவோம். பழங்கதை, நாட்டார் கதை என்றாலே ஷிர்க் வாசம் அடிக்கிறது, இதையெல்லாம் ஏன் கிளறுகிறீர்கள்? பள்ளியிலும் வட்ஸ்அப்பிலும் கேட்கிற பேச்சுத்தான். நாங்கள் பத்வா கொடுக்க வரவில்லை, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கதையைக் கேட்டு எழுதி வைப்பதும் அதை அகீதாவாக ஏற்றுக்கொள்வதும் ஒன்றென்று எங்களுக்குத் தெரியவில்லை. ஹிழ்ர் (அலை) அவர்களை எடுங்கள். சூரா கஹ்பில் மூஸா நபியோடு நடந்த அந்த நல்லடியார். அவர் வெறுமையான வெண்ணிலத்தில் அமர, அது அவருக்குப் பின்னால் பச்சையாக அசைந்தது, அதனால்தான் அந்தப் பெயர் என்று புஹாரியில் வருகிறது. நம் நாட்டில் அந்தப் பெயர் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது தெரியுமா? கதிர்காமத்துக் காட்டில். முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே பள்ளி. அவர் ஜீவ நீரைக் குடித்த இடம் அது என்று நம் முன்னோர் சொன்னார்கள். அதே காட்டில்தான் தமிழருக்கு வேடர் வளர்த்த வள்ளி, சிங்களவருக்குக் கதிர்காம தெய்யோ. ஆதாரபூர்வமான ஹதீஸ் எது, ஊர்க் கதை எது என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்க எங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குக் கதையே தெரியாவிட்டால் எதைப் பிரிப்பது?

கிழக்கில் சேனை காத்தவர்கள் இரவில் பரணில் இருந்து பாடிய கவிகள் இன்னொரு செல்வம். யானையையும் பன்றியையும் விரட்ட எழுப்பிய குரல், நித்திரை வராமல் இருக்கப் பாடிய பாட்டு, வீட்டில் இருந்த பெண்ணை நினைத்துப் பாடியதும் அதற்குள்தான். நிந்தவூர் எஸ். முத்துமீரான் அவர்கள் அவற்றை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து நூல்களாக்கினார். சட்டத்தரணி. அவருக்கு இது வேலையில்லை, சம்பளமில்லை. அவர் தேடியிராவிட்டால் அந்தப் பாட்டுகளில் எத்தனையோ பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். கொழும்பில் நமக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. இங்கே வந்து குடியேறிய மன்னார் உம்மாக்களும் பொத்துவில் வாப்பாக்களும் தங்கள் கதைகளோடு மாடி பிளாட்டுகளில் இருக்கிறார்கள். மாலையில் பேரப்பிள்ளை போனில், அவர்கள் பல்கனியில்.

வெளியே இருந்து வரும் கலைஞர்கள் நம் காட்டைத் தேடி வருகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் வந்து கேட்கும்போது சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

அதனால் வேலை இதுதான். நோன்பு விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம், அஸர் தொழுகைக்குப் பிறகு அரை மணித்தியாலம் உட்காரட்டும். காடு, மரம், மிருகம், ஜின், ஊர்ப் பெயர், சேனை, வேட்டை, தேன், எது வந்தாலும் சரி, போனில் குரலைப் பதிவு செய்யட்டும். யார் சொன்னது, எந்த ஊர், எத்தனை வயது என்று தொடக்கத்திலேயே சொல்லி விடுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், "அது அப்படி இல்ல உம்மும்மா" என்று குறுக்கே விழாதீர்கள். படம் வரையும் பிள்ளைகள் மரங்களையும் நிலத்தையும் வரையட்டும், அதில் எவருக்கும் ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கிறோம்.

பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கியதும் பதிவுகளை எங்களிடம் தாருங்கள். எழுத்தாக்கும் வேலையை நாங்கள் நான்கு ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறோம். வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது, வள்ளி கதையை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். வீட்டில் முசலி, பொத்துவில், புத்தளம் பக்கத்து மூத்தவர்கள் இருப்பவர்கள் கீழே ஊரின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போங்கள், முதலில் யாரிடம் வருவது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.