அந்தமானில் நடக்கலாம் வாங்க... ஒரு பாதையைத் தவிர!

லீவுக்கு அந்தமான் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். சென்னையில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். கப்பலில் போனால் கிட்டத்தட்ட மூன்று நாள். போய் இறங்கியதும் என்ன செய்கிறோம்? செல்லுலார் சிறை, ஸ்பீடு போட், கண்ணாடி போட், நாலு போட்டோ. அவ்வளவுதான், திரும்பி வந்துவிடுகிறோம்.

என் கட்சி வேறு. ஒரு தீவைப் பார்க்கச் சிறந்த வாகனம் நம் இரண்டு கால்கள்தான்! போட்டில் போனால் கரை தெரியும். நடந்து போனால்தான் காடு தெரியும்.

20 ரூபாய் நோட்டில் ஒரு மலை!

அம்மாவின் பர்ஸில் பழைய சிவப்பு நிற 20 ரூபாய் நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள். தென்னை மரங்களும் கடலும் தெரிகிறதா? போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள மலையிலிருந்து தெரியும் காட்சிதான் அது. (போர்ட் பிளேரின் பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது.)

அந்த மலைக்கு முன்பு மவுண்ட் ஹேரியட் என்று பெயர். 1891-ல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மணிப்பூர் வீரர்களை இங்கே கொண்டுவந்து சிறை வைத்தார்கள். அவர்கள் நினைவாக 2021-ல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் சூட்டினார்கள். மலையின் உயரம் 400 மீட்டரைக்கூடத் தொடாது. உச்சி வரை கார் போகும். ஆனால் அங்கே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். காலா பத்தர் என்ற பாறை வரை, காட்டுக்குள் சுமார் 2 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. எட்டு வயதுக் குழந்தைகூட நடந்துவிடலாம். சத்தம் போடாமல் நடந்தால் அந்தமானைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாத பறவைகள் கண்ணில் படலாம்.

யானை இல்லாத யானைக் கடற்கரை

ஹேவ்லாக் தீவுக்கு இப்போது ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். அங்கே 'எலிஃபெண்ட் பீச்' என்ற கடற்கரைக்கு எல்லோரும் போட்டில்தான் பறப்பார்கள். சாலையோரமாகக் காட்டுப் பாதை ஒன்றும் பிரிகிறது. சுமார் 2 கிலோமீட்டர். முக்கால் மணி நேர நடை. மழை பெய்திருந்தால் சேறு கணுக்காலைப் பிடித்து இழுக்கும். அட்டைப்பூச்சியும் வரும். முழுநீள சாக்ஸ் போட்டுக்கொண்டால் பயமில்லை.

யானை அந்தமானின் சொந்த விலங்கு இல்லை என்பது தெரியுமா? வெட்டிய மரங்களை இழுப்பதற்காகக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். புள்ளிமானும் அப்படித்தான். ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. அதனால் மான்கள் பெருகி, முளைக்கிற கன்றுகளை எல்லாம் மேய்ந்து தீர்க்கின்றன. மான் மேல் என்ன தப்பு? யோசிக்காமல் கொண்டுவந்து விட்டது மனிதர்கள்தானே! வெளியிலிருந்து வருகிறவர்களால் தீவு எப்படி மாறுகிறது என்பதற்கு இது ஓர் உதாரணம். நாமும் வெளியிலிருந்து வருகிறவர்கள்தான்.

உயரமான சவால்

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு சவால் இருக்கிறது. வடக்கே திக்லிப்பூர் பக்கம் உள்ள சேடில் பீக்தான் அந்தமான் நிக்கோபாரிலேயே உயரமான சிகரம், 732 மீட்டர். போக சுமார் 8 கிலோமீட்டர், வர 8 கிலோமீட்டர். முதலில் கடலோரம், பிறகு அடர்ந்த காடு. வனத்துறையிடம் பதிவு செய்துவிட்டு, வழி தெரிந்தவருடன், விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். ஏன் தெரியுமா? அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது. ஆனால் கடிகாரம் மட்டும் நம்முடையது. அதனால் டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும்!

இந்தக் கரைகளில் இன்னொரு அதிசயமும் நடந்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமியைக் கிளப்பிய பூகம்பத்தில் தெற்கு அந்தமான் கரை சுமார் ஒரு மீட்டர் அமிழ்ந்தது. வடக்கே சில இடங்களில் தரை உயர்ந்து, கடலுக்குள் இருந்த பவளப்பாறை வெளியே தெரிந்தது. புத்தகத்தில் படிக்கும் பூகோளத்தை இங்கே காலால் மிதித்துப் பார்க்கலாம்.

சிப்பி வேண்டாமே!

நடக்கும்போது மூன்று விஷயங்களை மறக்க வேண்டாம். பாதையை விட்டு இறங்கக் கூடாது. முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. பவளத்தையும் சிப்பியையும் எடுக்கக் கூடாது. பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். காலிச் சிப்பிதானே என்று கேட்கலாம். துறவி நண்டுக்கு அதுதான் வீடு! வளர வளர அது பெரிய கூட்டைத் தேடிப் போகும். நம் ஷோகேஸில் ஒரு சங்கு ஏறினால், அங்கே ஒரு நண்டுக்கு வீடு குறையும்.

அந்த ஒரு பாதை

இவ்வளவு நேரம் "நடங்கள், நடங்கள்" என்று சொன்ன நானே இப்போது ஒரு பாதையில் போகாதீர்கள் என்று சொல்லப் போகிறேன். அது நடக்கிற பாதை இல்லை, வண்டி ஓடும் சாலை. பெயர் அந்தமான் டிரங்க் ரோடு. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் காட்ட, டூர் வண்டிகள் இந்த வழியாகத்தான் போகின்றன. சாலையின் ஒரு பகுதி ஜாரவா மக்களின் காட்டுக்குள் செல்கிறது.

ஜாரவா மக்கள் சில நூறு பேர்தான். வேட்டையாடியும், மீன் பிடித்தும், தேன் எடுத்தும் வாழ்கிறவர்கள். 1997 வரை வெளியாட்களைப் பெரும்பாலும் அண்ட விடவில்லை. பழக ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே, 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு நோய், அது பழக்கமில்லாதவர்களுக்குப் பெரிய ஆபத்து. 1858-ல் ஆங்கிலேயர் குடியேறியபோது ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள், இன்று ஏறக்குறைய ஐம்பது பேர்தான். நோய்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்தச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. மீறினால் சிறைத் தண்டனை. அந்தப் பகுதியை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. குகையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சன்னலில் மூக்கை ஒட்டி வைத்து, "யாராவது தெரிகிறார்களா?" என்று தேடுகிறவர்களும் உண்டு.

உங்கள் வீட்டு வாசலில் தினமும் வண்டி வண்டியாக யாரோ வந்து எட்டிப் பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பிஸ்கெட்டை வேறு வீசினால்?

"நாம் பேசாமல் உட்கார்ந்துதானே போகிறோம், அதில் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். நாம் ஒரு வண்டிதான். ஆனால் நம்மைப் போல நிறையப் பேர் டிக்கெட் எடுப்பதால்தான் அத்தனை வண்டி! வடக்குத் தீவுகளில் குடியிருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அந்தச் சாலை தேவைப்படுகிறது. அது வேறு விஷயம். சுற்றிப் பார்க்க வருகிற நமக்கு அப்படி என்ன அவசரம்? பாராடாங் போகக் கடல் வழிப் படகு 2017-ல் தொடங்கப்பட்டது. திக்லிப்பூருக்கும் கப்பல் உண்டு. நேரம் கூட ஆகலாம், ஆகட்டுமே! நாம் போவது லீவுக்குத்தானே?

அதனால் வீட்டில் அந்தமான் பேச்சு வந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அப்பா அம்மாவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். "நடக்கிற பாதை ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா?" இது முதல் கேள்வி. "பாராடாங்குக்குக் கடல் வழியாகப் போக முடியுமா?" இது இரண்டாவது. முடியாது என்றால், குகையை இந்த முறை விட்டுவிடலாம். அந்த ஒரு நாளில் காலா பத்தர் வரை நடந்துவிட்டு வாருங்கள்.

என்ன குட்டீஸ், சரிதானே?