தாழி ஓட்டில் ஒரு நெற்கதிர்

கேள்வி: ‘‘ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம் இருக்கிறது. மரக்கன்று நடக் குழி எடுத்தபோது பெரிய மண்பானையின் வாய்ப்பகுதி தட்டுப்பட்டது. சுற்றிலும் உடைந்த ஓடுகள் கிடக்கின்றன. அள்ளிப் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாமா? வெளியில் சொன்னால் நிலம் போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.’’

- தூத்துக்குடி மாவட்ட வாசகர் ஒருவர்.

பதில்: அந்தக் குழியை மட்டும் அப்படியே நிறுத்திவிடுங்கள். ஓடுகளை அள்ளிப் போட வேண்டாம். காரணத்தைப் புரிந்துகொள்ள, உங்கள் பகுதியிலேயே கிடைத்த ஓர் ஓட்டைப் பற்றித் தெரிந்துகொண்டால் போதும்.

2004-ம் ஆண்டு ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் மத்தியத் தொல்லியல் துறை, தி.சத்தியமூர்த்தி தலைமையில் அகழாய்வு செய்தது. அப்போது ஒரு தாழிக்குள் உடைந்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதில் களிமண்ணைத் திரித்து ஒட்டி உருவங்கள் செய்திருந்தார்கள். மெலிந்த ஒரு பெண், பக்கத்தில் நெற்பயிர், அதன்மேல் கொக்கு, ஒரு மான், முதலை போன்ற ஓர் உயிர். தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், இது தன் ஊர் என்று சொல்லிவிடுவார். அந்த அகழாய்வு மாதிரிகள் இரண்டின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று 2019-ல் தெரியவந்தது. கொற்கை முத்துக்குப் பேர்போன இந்தக் கரையில், முத்தை அல்ல, நெல்லையும் கொக்கையும்தான் அந்தக் கைகள் மண்ணில் செய்துவைத்தன.

தாழி என்பது பெரிய பானைதான். நம் வீடுகளில் தவசம் கொட்டிவைத்த குலுக்கைக்கும், விதை கட்டிவைத்த பானைக்கும் அது சொந்தம். இறந்தவரைத் தாழியில் வைத்துப் புதைத்தவர்கள், கூடவே சிறு பானைகளில் தானியமும் வைத்தார்கள். நூறாண்டுகளுக்கு முன்பு இதே பரம்பில் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, பானைகளுக்குள் நெல் உமியையும் சிறுதானிய உமியையும் கண்டார். சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்மணியின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. ஒரு கைப்பிடி உமியை வைத்து 3,200 ஆண்டு வேளாண்மையைச் சொல்ல முடிந்தது என்றால், அந்தத் தாழியை யாரும் கழுவிக் கவிழ்க்காமல் விட்டதுதான் காரணம். பானைக்குள் இருக்கும் மண்ணும் சான்றுதான்.

இனி, நிலம் பற்றிய பயம். பானை கிடைத்த உடனே எந்த நிலமும் பறிபோய்விடாது. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக மத்திய அரசு அறிவிக்க வேண்டுமானால், 1958-ம் ஆண்டுச் சட்டப்படி முதலில் அறிவிக்கை வெளியிட வேண்டும். ஆட்சேபம் சொல்ல இரண்டு மாத அவகாசம் உண்டு. அப்படி அறிவிக்கப்பட்ட இடத்தில்கூட, ஓர் அடி ஆழத்துக்கு மேல் தோண்டாமல் செய்யும் விவசாயத்துக்கு அந்தச் சட்டமே இடம் தருகிறது. கிணறு வெட்ட, மண் அள்ள, கட்டடம் கட்டத்தான் தடை. அந்த எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். இது சிரமம்தான், இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால், வெறும் வதந்தியை நம்பி ஓட்டை உடைத்துப் புதைப்பதற்கு இது காரணமாகாது. கீழடியில் தனியார் தென்னந்தோப்புகளில், உரிமையாளர்களின் சம்மதத்தோடுதான் அகழாய்வு நடந்தது.

செய்ய வேண்டியவை:

* பானையை வெளியே எடுக்காதீர்கள். உள்ளே கைவிட்டுத் துழாவவும் வேண்டாம். ஓடுகளைக் கழுவாதீர்கள்.

* கிடந்தபடியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்வே எண், ஆழம், தேதி ஆகியவற்றைக் குறித்துவையுங்கள்.

* மழைத் தண்ணீர் இறங்காமல் சாக்குப் போட்டு, மேலே தளர்வாக மண்ணைத் தள்ளி மூடுங்கள். நான்கு மூலையிலும் குச்சி ஊன்றுங்கள். டிராக்டர், பொக்லைன் அந்தப் பக்கம் போகக் கூடாது.

* வி.ஏ.ஓ., தாசில்தார் இருவரிடமும் எழுத்து மூலமாகத் தகவல் கொடுத்து, நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம். தகவல் கொடுத்தவருக்கு அந்தக் கையெழுத்துதான் பாதுகாப்பு.

* ‘பழைய பானைக்கு நல்ல விலை’ என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உரிமம் இல்லாமல் பழம்பொருள் வியாபாரம் செய்வது 1972-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மரக்கன்றுகளை நிலத்தின் வேறு பக்கத்தில் நடுங்கள். வேர் ஆழமாக இறங்கினால் அடியில் இருக்கும் தாழிகளைப் பிளந்துவிடும். அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை, மேலாக உழுது கம்போ உளுந்தோ விதைத்துக்கொள்வதே அந்த மூலைக்கு ஏற்றது.