தலைவன் இல்லாத படை

அமேசான் காட்டுக்குள், ஆற்றோரமாக ஒரு சின்ன ஊர். மனித நடமாட்டம் இல்லை. எறும்புத் தொல்லையை ஒழித்துவிட்டு வரும்படி உத்தரவு பெற்ற பிரேசில் பீரங்கிப் படகு ஒன்று அங்கே வந்து நிற்கிறது. கரையில் இறங்கக் கேப்டனுக்குத் துணிவில்லை. வழியில் அனாதையாக மிதந்துவந்த படகில் ஏறிச் சோதித்த லெப்டினென்ட், எறும்பு கடித்துச் செத்துப்போனார். நீண்ட யோசனைக்குப் பிறகு கேப்டன் ஊரை நோக்கிப் பெரிய பீரங்கியை இரண்டு தடவை சுடுகிறார். எறும்புக்குப் பீரங்கி! பிறகு படகைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்.

எச்.ஜி. வெல்ஸ் 1905-ல் எழுதிய ‘எறும்புகளின் சாம்ராஜ்யம்’ கதையில் வரும் காட்சி இது. புத்தியுள்ள பூச்சிப் படை மனிதனை வேட்டையாடுவதைப் பற்றிய கதைகளுக்கெல்லாம் இது ஒரு மூதாதை. வெல்ஸின் எறும்புகளிடம் விஷம் உண்டு, ஒழுங்கு உண்டு, பெரிய தலையுடன் மற்றவற்றை நடத்திச் செல்லும் ‘அதிகாரிகள்’கூட உண்டு. பிரிட்டிஷ் கொடி பாதி உலகில் பறந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பெருமிதத்துக்கு நடுவே வெல்ஸ் ஓர் ஊசியைச் செருகினார்: ஐரோப்பியர்கள் மற்ற கண்டங்களைக் ‘கண்டுபிடித்தது’ போல, இந்த எறும்புகள் 1950, 60 வாக்கில் ஐரோப்பாவைக் கண்டுபிடிக்கும் என்று கதையை முடித்தார். ஆள வந்தவனை ஆள இன்னொருவன் வருவான் என்பதுதான் அதன் உட்பொருள்.

இந்தக் கசப்பு எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1938-ல் ஆங்கிலத்தில் வெளியாகிப் புகழ்பெற்ற கார்ல் ஸ்டீஃபன்சனின் கதையில், பிரேசிலில் தோட்டம் போட்டிருக்கும் லைனிங்கன் என்ற துரை எறும்புப் படையை எதிர்த்து நிற்கிறார். அகழி வெட்டுகிறார், பெட்ரோல் ஊற்றுகிறார், கடைசியில் அணை நீரைத் திருப்பிவிட்டுத் தன் தோட்டத்தையே மூழ்கடித்து ஜெயிக்கிறார். மனித மூளைக்கு முன் எறும்பு எம்மாத்திரம் என்ற ஆறுதல் வாசகர்களுக்குக் கிடைத்தது. ஹாலிவுட் அதை 1954-ல் படமாகவும் எடுத்தது.

இரண்டு கதைகளுமே எறும்பை மனிதனின் அச்சில் வார்த்தவைதான். திட்டம், தளபதி, முற்றுகை எல்லாம் நம்முடையவை. இந்த அச்சை உடைத்தவர் போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம். 1964-ல் வெளிவந்த அவருடைய ‘வெல்ல முடியாதது’ நாவல் ரெகிஸ் 3 என்ற கற்பனைக் கிரகத்தில் நடக்கிறது. காணாமல் போன விண்கலத்தைத் தேடி இன்னொரு ராட்சதக் கலம் வருகிறது. அங்கே அவர்களை எதிர்கொள்வது கொசு போன்ற நுண் யந்திரங்களின் கருமேகம். எப்போதோ வந்திறங்கிய வேற்று நாகரிகத்தின் யந்திரங்கள், தம் எஜமானர்கள் அழிந்த பிறகு தமக்குள்ளேயே போட்டியிட்டு, லட்சக்கணக்கான ஆண்டுகளில் இப்படிப் பரிணமித்திருக்கின்றன. தனியாக ஒன்றைப் பிடித்தால் அது வெறும் துகள். ஒன்றுகூடினாலோ மனித மூளையின் நினைவுகளைத் துடைத்தெறியும் காந்தப் புயல். அதில் அகப்பட்டவர்கள் சாவதில்லை. பேச்சும் அறிவும் இழந்து பச்சைக் குழந்தைகளாகிவிடுகிறார்கள். அந்தப் படைக்குத் தளபதி இல்லை, நோக்கம் இல்லை, பகைகூட இல்லை.

நிஜ எறும்பு லெம் சொன்னதற்குத்தான் நெருக்கமாக இருக்கிறது. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் படை எறும்புகள் லட்சக்கணக்கில் திரண்டு புறப்பட்டால் வழியில் இருக்கும் பூச்சி, சிலந்தி, தேள் எதுவும் மிஞ்சாது. மனிதனைத் தின்பதெல்லாம் கதையில்தான்; விலகி நடந்தால் போதும். இவற்றுக்குக் கண் பார்வை ஏறக்குறைய கிடையாது. ராணி முட்டையிடுவதோடு சரி, உத்தரவிடுவதில்லை. முன்னால் போன எறும்பு விட்டுச்சென்ற வாசனை, பக்கத்தில் இருப்பதன் ஸ்பரிசம் – இவ்வளவுதான் தகவல் தொடர்பு. ஆனாலும் பள்ளம் வந்தால் உடலோடு உடல் கோத்துப் பாலம் கட்டுகின்றன. பனாமாவில் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, பாதையைச் சுருக்குவதற்காக அந்தப் பாலத்தை மெல்ல மெல்ல நகர்த்தவும் செய்கின்றன. பாலத்தில் முடங்கும் எறும்புகளால் ஏற்படும் நஷ்டம் குறுக்கு வழியின் லாபத்தை மிஞ்சும் கட்டத்தில் நகர்வு நின்றுவிடுகிறது. கணக்குப் போட்டது யார்? யாருமில்லை. கணக்கு மட்டும் சரியாக வருகிறது.

எப்போதும் சரியாக வருமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீப், கயானா காட்டில் பார்த்த ஒரு காட்சியை 1921-ல் வெளியான நூலில் பதிவு செய்தார். வழி தவறிய படை எறும்புகள் சுமார் 370 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம். பெரும்பாலானவை செத்து விழும்வரை அந்த ஓட்டம் தொடர்ந்தது. ஒவ்வொன்றும் விதிப்படி, முன்னால் போவதைத்தான் பின்தொடர்ந்தது. நில் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

பூச்சிகளோடு முடிகிற விஷயமல்ல இது. எறும்பின் வழி தேடும் முறை 1990களிலேயே கம்ப்யூட்டர் கணக்கீட்டுக்கு வந்துவிட்டது. 2014-ல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் 1,024 குட்டி ரோபோக்களை, மேய்ப்பவர் இல்லாமல், தாமாகவே கூடி உருவங்கள் அமைக்கச் செய்தார்கள். 2016-ல் அமெரிக்கப் போர் விமானங்களிலிருந்து 103 சிறு டிரோன்கள் கூட்டமாகப் பறக்கவிடப்பட்டன. 2021 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று டெல்லியில் இந்திய ராணுவமும் 75 டிரோன்களின் கூட்டத் தாக்குதலைச் செய்து காட்டியது. லெம்மின் கருமேகம் அணிவகுப்பு மைதானத்துக்கு வந்துவிட்டது.

ராணுவங்களுக்கு இதில் உள்ள கவர்ச்சி புரிகிறது: பத்து விழுந்தாலும் படை நிற்காது, சுட்டு வீழ்த்தத் தலைமை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அதே காரணத்தால், குண்டு தவறான வீட்டின் மேல் விழுந்தால் கூண்டில் ஏற்றவும் ஆள் இருக்காது. தளபதி என்பவன் வெற்றிக்கு மட்டுமல்ல, குற்றத்துக்கும் முகவரி. அந்த முகவரியைத் தொலைத்துவிட்டால் மிஞ்சுவது பீப் பார்த்த வட்டம்தான். ‘நில்’ என்று சொல்லும் அதிகாரத்தை மனிதன் தன் கையில் வைத்துக்கொள்கிறானா என்பதே இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

லெம்மின் நாவலில் அந்த விடை ஒருவருக்குக் கிடைக்கிறது. எல்லா ஆயுதங்களும் தோற்ற பிறகு, காணாமல் போன தோழர்களைத் தேடி ரோஹன் என்ற அதிகாரி தன்னந்தனியாகப் பள்ளத்தாக்குக்குள் நடக்கிறார். மேகம் தலைக்கு மேலே எழும்பிச் சுழல்கிறது, அவரைத் தொடவில்லை. பிரபஞ்சத்தில் எல்லாமே மனிதன் வெல்வதற்காகப் படைக்கப்பட்டவை அல்ல என்ற தெளிவோடு அவர் கலத்துக்குத் திரும்புகிறார். வெல்ஸின் கேப்டனுக்கு இரண்டு குண்டுகளை வீணாக்கியும் புரியாத விஷயம் அது.