நீலம் சாதிச் சாயம் அல்ல

“எல்லாச் சாதிச் சாயத்தையும் அழித்துவிட வேண்டியதுதானே?” ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடுநிலை பேசுகிறவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆதிக்கச் சாதிக் கொடியின் நிறம் பூசிய மின்கம்பமும், சேரிச் சுவரில் வரைந்த அம்பேத்கரும் அவர்களுக்கு ஒன்றுதான். இரண்டின் மேலும் ஒரே சுண்ணாம்பை அடித்துவிட்டால் சமத்துவம் வந்துவிடுமாம்.

மின்கம்பம் பொதுச்சொத்து. அதில் பூசும் நிறம், ‘இது எங்கள் எல்லை, பார்த்து நட’ என்று மிரட்டுகிறது. சேரிக்காரர் தம் சொந்தச் சுவரில் வரையும் அம்பேத்கர் யாரை மிரட்டுகிறார்?

இரண்டும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். குருபூசை ஃப்ளெக்ஸில் இருக்கும் சிங்கத்தையும் வாளையும் முறுக்கு மீசையையும் ‘மண்ணின் மரபு’ என்கிறார்கள். அதில் பெரும்பங்கு, 1992இல் வந்த ‘சின்னக் கவுண்டர்’, ‘தேவர் மகன்’ போன்ற படங்கள் ஊட்டி வளர்த்த சினிமாப் பெருமிதம்.

நீலத்தின் வழி வேறு. 1942இல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நிறம் அது. 1966இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் எழுந்தார்கள். அவர்களுடைய ஓவியர் எமரி டக்ளஸின் படங்கள் தெருச்சுவர்களில் ஒட்டப்பட்டன. அவர்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டு 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் தலித் பேந்தர்ஸ் கண்டார்கள். 1982இல் மலைச்சாமி அதை மதுரைக்குக் கொண்டுவந்தார். 1990 ஏப்ரல் 14 அன்று திருமாவளவன் அதே மதுரையில் நீலமும் சிவப்பும் நட்சத்திரமும் கொண்ட கொடியை ஏற்றினார். பிறந்த சாதியைக் கொண்டாட யாரும் இவ்வளவு தூரம் போய்க் கடன் வாங்குவதில்லை. சாதியை ஒழிக்கத்தான் உலகத்தோடு கைகோக்க வேண்டியிருக்கிறது.

2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குப் பள்ளிகளில் தடை கேட்டது. மிகச் சரி. அந்தப் பரிந்துரையைக் காட்டி அம்பேத்கர் படத்தை அழிக்கச் சொல்வது அயோக்கியத்தனம்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. நீலத்தை ஒரு சாதியின் தனிச்சொத்தாக்கி, அருந்ததியர் தெருவை அதற்கு வெளியே நிறுத்தினால் நாமும் கம்பத்துக்குச் சாயம் பூசுகிறவர்கள்தான். தோழர்களே, சாதி ஒழியும்வரை அம்பேத்கரை வரைவோம். மூன்று தெருப் பிள்ளைகளும் ஒரே தூரிகையைப் பிடித்து வரைவோம்.